96 செக்கன்கள்: 2008 பெப்ரவரி 26 துணைப்புயலைக் கொழும்பிலிருந்து வாசித்தல்

2008 பெப்ரவரி 26, உலக நேரம் 04:50. கனடாவில் நள்ளிரவை நெருங்கும் வேளை. கொழும்பில் செவ்வாய்க்கிழமை காலை 10:20. பூமியின் இரவுப் பக்கத்துக்குப் பின்னே நீண்டு கிடக்கும் காந்த வாலில், சுமார் 20 புவி ஆரைத் தொலைவில் (ஒரு புவி ஆரை சுமார் 6,370 கிலோமீற்றர்), எதிரெதிர்த் திசையிலுள்ள புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணைந்தன. 96 செக்கன் கழித்து வட அமெரிக்க வானில் துருவ ஒளி திடீரெனப் பிரகாசித்தது. நாசாவின் தெமிஸ் செய்மதிகளும் தரையிலிருந்த கமராக்களும் காந்தமானிகளும் இதைச் சேர்ந்தே பதிவு செய்தன. வசிலிஸ் ஆஞ்சலோபூலோஸ் தலைமையிலான குழு அதே ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்ட நேர வரிசை, துணைப்புயல் (வாலில் சேர்ந்த சக்தி திடீரென அவிழ்ந்து துருவ ஒளி வெடிக்கும் நிகழ்வு) ஆய்வில் இன்றும் விவாதத்துக்குரியது.

இந்த நிகழ்வின் காந்த அடையாளங்களும் வானொலி அடையாளங்களும் எந்தக் கருவியில் எப்படித் தெரியும், அவற்றில் எதைக் கொழும்பிலேயே பதியலாம், எதைத் திறந்த தரவிலிருந்து மட்டுமே எடுக்கலாம், எந்த இடத்தில் வாசிப்புப் பிழைக்கும் என்பவற்றை இங்கே பார்க்கிறோம். 2024 மே 10 பெரும் புயல் இதைவிடப் பிரபலம்தான். அன்றைய திடீர்த் தொடக்கம் உலக நேரம் 17:05 அளவில், அதாவது கொழும்பில் இரவு 10:35க்கு வந்தது. உலகளாவிய காந்தக் குழப்பத்தை அளக்கும் கேபி சுட்டெண் உச்ச அளவான 9ஐத் தொட்டது. தாழ் அகலாங்கில் புலம் எவ்வளவு குறைந்தது என்று காட்டும் டிஎஸ்டி சுட்டெண் மறை 400 நனோதெஸ்லா வரை இறங்கியது. ஆனால் அப்படிப்பட்ட இரவில் ஒரு துணைப்புயல் அடங்குமுன் அடுத்தது ஏறிவிடும். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அடையாளங்களைக் கற்க ஓர் அமைதியான நாளில் தனியே வந்த சிறிய துணைப்புயலே ஏற்றது. 2008இன் நிகழ்வு அப்படியானது.

சர்ச்சை எதைப் பற்றியது

ஷுன்-இச்சி அகசோஃபு 1964இல், சர்வதேச புவிப்பௌதிக ஆண்டில் எடுக்கப்பட்ட முழுவான் படங்களை வைத்து, துருவ ஒளி வெடித்துப் பரந்து அடங்கும் ஒழுங்கைத் துணைப்புயல் என்று வரையறுத்தார். விரிவுக் கட்டம், மீட்சிக் கட்டம் என்ற அவருடைய இரண்டுக்கும் முன்னால், வாலில் சக்தி சேரும் வளர்ச்சிக் கட்டம் ஒன்று உண்டு என்பதை 1970இல் மக்ஃபெரன் சேர்த்தார். சேர்ந்த சக்தி எங்கே முதலில் அவிழ்கிறது என்பதில்தான் நீண்ட காலப் பிணக்கு. சுமார் 10 புவி ஆரையில் வாலுக்குக் குறுக்கே ஓடும் மின்னோட்டம் முதலில் குலைந்து, அந்தக் குலைவு வெளியே பரவுகிறது என்பது ஒரு தரப்பு. 20 முதல் 30 புவி ஆரையில் மறுஇணைப்பு முதலில் நிகழ்ந்து, அதன் விளைவு உள்ளே வருகிறது என்பது மறு தரப்பு.

இரண்டு தரப்பும் சொல்லும் நிகழ்வுகள் ஒன்றேதான். வரிசை மட்டுமே வேறு. எனவே காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்பது இங்கே இரண்டாம்பட்சம். எது எந்தச் செக்கனில் தொடங்கியது என்பதுதான் தீர்ப்பு. கொழும்பில் கருவி வைப்பவருக்கும் இதே விதி பொருந்தும்: நல்ல உணரிக்குச் செலவிடுமுன் நல்ல நேரக்குறிப்புக்குச் செலவிட வேண்டும்.

தெமிஸ் ஐந்து செய்மதிகளாக 2007 பெப்ரவரி 17 அன்று ஏவப்பட்டது. நான்கு நாளுக்கு ஒருமுறை அவை வாலோடு ஒரே வரிசையில் வரும்படி சுற்றுப்பாதைகள் அமைக்கப்பட்டன. கனடாவிலும் அலாஸ்காவிலும் 20 தரை நிலையங்கள்: ஒவ்வொன்றிலும் 3 செக்கனுக்கு ஒரு படம் எடுக்கும் முழுவான் கமரா, செக்கனுக்கு 2 வாசிப்புத் தரும் காந்தமானிகள். 26ஆம் திகதி வெளிச் செய்மதி பி1 (P1) பூமியிலிருந்து 21.5 புவி ஆரையிலும், பி2 17.2 புவி ஆரையிலும் இருந்தன. பி3 அவற்றுக்கு வெகு உள்ளே, சுமார் 11 புவி ஆரையில்.

வெளியான நேர வரிசையின் முதுகெலும்பு இது:

04:50:03 — மறுஇணைப்புத் தொடக்கம் (பி1, பி2 பதிவுகளிலிருந்து பின்னோக்கிக் கணித்தது)
04:51:39 — துருவ ஒளி பிரகாசித்தல், 96 செக்கன் கழித்து
04:52:21 — விரிவுக் கட்டத் தொடக்கம், 138 செக்கன் கழித்து
04:53:05 — பி3இல் வால் பக்கம் இழுபட்டிருந்த புலம் இருமுனை வடிவுக்குத் திரும்புதல், 182 செக்கன் கழித்து

பி1இல் பிளாஸ்மா வால் பக்கமாகப் பாய்ந்தது, புலத்தின் வடதிசைக் கூறு மறையானது. பி2இல் பூமியை நோக்கிப் பாய்ந்தது, அதே கூறு நேரானது. இரு செய்மதிகளுக்கும் இடையில்தான் அறுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரு செய்மதி மட்டும் இருந்திருந்தால் இந்த நிகழ்வை வைத்து எதையும் நிறுவ முடிந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். 20 புவி ஆரையிலிருந்து 11 வரை 9 புவி ஆரை, அதாவது சுமார் 57,000 கிலோமீற்றர். 182 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 315 கிலோமீற்றர். காந்த வாலில் பிளாஸ்மா பாயும் வேகத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் துருவ ஒளிக்குச் செய்தி போனது வேறு விதம்: குறைந்தது 127,000 கிலோமீற்றரை 96 செக்கனில் கடந்திருக்கிறது, செக்கனுக்கு 1,300 கிலோமீற்றருக்கு மேல். பிளாஸ்மா தானே வந்து சேரவில்லை. புலக்கோட்டின் வழியே அலையாகவோ விரைந்த இலத்திரன்களாகவோ செய்தி முந்திவிட்டது. உட்பகுதியில் மின்னோட்டம் குலையுமுன்னே துருவ ஒளி பிரகாசித்துவிட்டது என்பதை விளக்க வேண்டிய கட்டாயம் இந்த எண்களிலிருந்தே வருகிறது.

2009இல் ஏ.டி.வை. லூயி இதே தரவை வேறு விதமாக வாசித்து அதே இதழில் மறுப்புக் குறிப்பு எழுதினார். 2010இல் நிஷிமுரா குழுவினர், துருவ ஒளியின் வடக்கு விளிம்பில் முதலில் பிரகாசம் தோன்றி, அங்கிருந்து தெற்கே ஒழுகும் கீற்றுகள் வெடிப்பு வளைவைத் தொட்ட பிறகே வெடிப்பு நிகழ்வதாகத் தெமிஸ் கமராப் படங்களிலிருந்து காட்டினர். மறுஇணைப்பு முந்தியது என்பதை ஏற்பவர்களும் அடுத்த 2 நிமிடங்களில் என்ன நடந்தது என்பதில் ஒருமித்துப் பேசுவதில்லை.

தரையில் காந்த அடையாளம்

துருவ ஒளி வலயத்தின் கீழ் நிற்கும் காந்தமானியில் அடையாளம் முரடானது. சுமார் 110 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது. அதை நீண்ட கம்பி என்று வைத்தால், 100,000 அம்பியருக்கு நேர் கீழே ஏறத்தாழ 180 நனோதெஸ்லா. 300,000 அம்பியருக்கு 545. நிலத்துக்குள் தூண்டப்படும் ஓட்டம் இதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். வட கூறு இறங்கும். நிலைக்குத்துக் கூறு ஓட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லும்: வடக்கு அரைக்கோளத்தில் கீழ்நோக்கியதை நேர் என்று கொண்டால், ஓட்டம் நிலையத்துக்குத் தெற்கே இருக்கையில் நிலைக்குத்துக் கூறு நேராகவும், வடக்கே போனதும் மறையாகவும் வரும். குறி மாறும் கணமே ஓட்டம் தலைக்கு மேல் கடந்த கணம். துணைப்புயல் வடக்கே விரியும் வேகத்தை ஒரு வரிசை நிலையங்களில் இந்தக் குறிமாற்றத்தை மட்டும் வைத்தே கணிக்கலாம்.

இந்த முரட்டு ஆட்டம் மனிதரையும் தொட்டிருக்கிறது. 1989 மார்ச் 13 உலக நேரம் 07:45 அளவில், கொழும்பில் பிற்பகல் 1:15க்கு, துருவ மின்னோட்டத்தின் ஒரு திடீர் எழுச்சி கியூபெக் மின்வலையமைப்பை 92 செக்கனில் வீழ்த்தியது. 60 இலட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் இருந்தனர். மின்மாற்றிகளின் அகணிகளை நிரம்பச் செய்தது புலத்தின் அளவைவிட அது மாறிய வேகம்.

வலயத்துக்குத் தெற்கே, இடை அகலாங்கில், அடையாளம் தலைகீழாகும். குலைந்த வால் மின்னோட்டம் ஆப்பு வடிவில் திசைதிருப்பப்பட்டு, கிழக்குப் பக்கம் புலக்கோடு வழியே இறங்கி, அயன்மண்டலத்தில் மேற்கே ஓடி, மேற்குப் பக்கம் ஏறிப் போகிறது. அதன் நடுக்கோட்டில் எச் கூறு (வடக்கு நோக்கிய கிடைப் புலம்) உயரும். டி கூறு (கிழக்கு–மேற்குச் சாய்வு) மேற்குப் பாதியில் கிழக்கே சாயும், கிழக்குப் பாதியில் மேற்கே சாயும். எச் உச்சமாகவும் டி பூச்சியமாகவும் இருக்கும் நெடுங்கோடே ஆப்பின் நடு. பத்து இருபது நனோதெஸ்லா அளவிலான இந்த மேடு, துருவத்துக்கு நெருங்காமலே துணைப்புயல் எந்த நெடுங்கோட்டில் வெடித்தது என்று காட்டிவிடும்.

மூன்றாவது அடையாளம்தான் கொழும்பு வரை வரும். வெடிப்போடு 40 முதல் 150 செக்கன் ஆவர்த்தனகாலம் கொண்ட, சில சுற்றுகளில் தேய்ந்து மறையும் துடிப்பு ஒன்று கிளம்பும். பிஐ2 என்று இதற்குப் பெயர். இரவுப் பக்கம் முழுவதும், நடுவரை வரையிலும், ஏறத்தாழ ஒரே வேளையில் தெரியும். தாழ் அகலாங்கில் வீச்சம் பெரும்பாலும் 1 நனோதெஸ்லாவைச் சுற்றியே.

2008 நிகழ்வில் கொழும்பு பகல் பக்கத்தில் இருந்தது. காந்த நடுவரையை ஒட்டிய இடங்களில் பகலிலும் பிஐ2 பெருகித் தெரியும். அங்கே அயன்மண்டலத்தின் கடத்துதிறன் அசாதாரணமாக உயர்வது காரணம். ஆனால் அதே ஆவர்த்தனகாலத்தில் பகல் நேரத் தொடர் துடிப்புகளும் உண்டு. அவை பத்து நிமிடங்கள், சில வேளை மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும். பிஐ2 திடீரென எழுந்து நாலைந்து சுற்றில் அடங்கும். வடிவத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்காமல் எதிர்ப்பக்க நிலையம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பெருவின் உவான்காயோ இதற்கு மிகப் பொருத்தம்: அதுவும் காந்த நடுவரையை ஒட்டியது, 04:50க்கு அங்கே இரவு 11:50. இரண்டிலும் ஒரே செக்கன்களில் எழுந்தால்தான் பிஐ2 என்று எழுதலாம்.

வானொலி அடையாளம்: தரைக்கு வராதது

துணைப்புயலின் மிகப் பலமான வானொலி ஒலிபரப்பைத் தரையில் கேட்பது ஏறத்தாழ முடியாத காரியம். துருவ ஒளிக்கு மேலே சில ஆயிரம் கிலோமீற்றரில், புலக்கோடு வழியே பாயும் சில ஆயிரம் இலத்திரன்வோல்ட் இலத்திரன்கள், புலக்கோட்டைச் சுற்றிச் சுழன்றபடியே அலையைப் பெருக்கும் சுழற்சி மேசர் முறையில் அலையை உமிழ்கின்றன. பட்டை சுமார் 50 முதல் 500 கிலோஹேர்ட்ஸ். வெடிப்பு வேளையில் மொத்த வலு நூறு கோடி வாற்று வரை போகும். துருவ கிலோமீற்றர் அலை என்று இதைச் சொல்கிறோம். 1974இல் டொனால்ட் கர்னெட் இதை விரிவாக அளந்து, பூமியும் வலிய வானொலி மூலம்தான் என்று காட்டினார். இரவு அயன்மண்டலத்தின் உச்சி சில மெகாஹேர்ட்ஸ் வரை அலையைத் திருப்பிவிடுவதால் இந்தப் பட்டை முழுவதும் வெளியே எறியப்படுகிறது. கொழும்பில் மட்டுமல்ல, துருவ ஒளி வலயத்தின் கீழுள்ள நோர்வேயின் திரொம்சோவிலும் மத்திய அலை வாங்கியில் இதைத் தேடுவது வீண்.

ஆனால் செய்மதிப் பதிவில் இந்த அலை ஓர் உயரமானியாகவே வேலை செய்கிறது. உமிழும் மீடிறன் அந்த இடத்து இலத்திரன் சுழற்சி மீடிறனுக்கு மிக அருகில் இருக்கும்; அது ஒரு நனோதெஸ்லாவுக்கு 28 ஹேர்ட்ஸ். துருவப் பக்கத்தில் தரையில் 60,000 நனோதெஸ்லா என்று கொண்டு, புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது என்று வைத்தால்: 4,500 கிலோமீற்றர் உயரத்தில் சுமார் 340 கிலோஹேர்ட்ஸ், 6,000இல் 230, 12,000இல் 70. மொரியோக்கா குழுவினர் 2007இல் நாசாவின் போலார் செய்மதித் தரவில் கண்டது இதுதான்: 4,000 முதல் 5,000 கிலோமீற்றரில் உள்ள தாழ்ந்த மூலம் வெடிப்புக்கு முன்பே இருந்துகொண்டிருக்கிறது, வெடிப்பின்போது 6,000 முதல் 12,000 வரை இன்னொரு மூலம் திடீரெனப் பற்றிக்கொள்கிறது. வரைபடத்தில் பார்த்தால், 300 கிலோஹேர்ட்ஸுக்கு மேலிருந்த பட்டைக்குக் கீழே, 70 முதல் 230 வரையான பகுதி சட்டென்று நிரம்பும். துணைப்புயலின் வானொலிக் கையொப்பம் இந்தக் கீழ்நோக்கிய விரிவுதான். வெறுமனே பட்டை பிரகாசமானது என்பதை வைத்து வெடிப்பு நேரம் குறிப்பவர்கள் தவறிடுவது இங்கேதான்.

2008 நிகழ்வுக்கு இதை எங்கே தேடுவது? தெமிஸின் மின்புலக் கருவியில் 8 கிலோஹேர்ட்ஸ் வரைதான் முழு நிறமாலை. அதற்கு மேல் 100 முதல் 400 கிலோஹேர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் அகலப் பட்டை மட்டும். வலு ஏறியது தெரியும், எந்த உயரத்தில் என்பது தெரியாது. உயரம் வேண்டுமானால் 24 ஹேர்ட்ஸிலிருந்து 800 கிலோஹேர்ட்ஸ் வரை வருடிய ஜியோடெயில் செய்மதியின் பதிவையோ, 20 முதல் 1,040 கிலோஹேர்ட்ஸ் பட்டையை வாங்கும் விண்ட் செய்மதியின் முதல் வாங்கியையோ எடுக்க வேண்டும். விண்டில் இரண்டு பொறிகள். முதலாவது, எளிதில் கிடைக்கும் கோப்பு ஒரு நிமிடச் சராசரி. 96 செக்கன் வித்தியாசத்தை அதில் தேடுவது ஒன்றரைப் புள்ளியில் தேடுவதாகும். இரண்டாவது, அலை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் போவதில்லை. மூலம் பெரும்பாலும் காந்த நேரம் இரவு 10 மணியை ஒட்டியிருக்க, விண்ட் சூரியப் பக்கம் 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் துணைப்புயல் இல்லை என்று பொருளல்ல.

சூரியனின் மூன்றாம் வகை வெடிப்புகளும் இதே பட்டையில் விழும். அவை பல மெகாஹேர்ட்ஸில் தொடங்கி வளைகோடாகக் கீழே வழுகி வரும். துருவ கிலோமீற்றர் அலை 800 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எழாது, திட்டுத்திட்டாக மினுங்கும். ஆகவே எப்போதும் 1 மெகாஹேர்ட்ஸுக்கு மேலுள்ள பட்டையையும் பக்கத்தில் திறந்து வைத்தே பார்க்க வேண்டும்.

தரையில் கேட்கும் துருவ ஒலிகளும் உண்டு: சில கிலோஹேர்ட்ஸிலிருந்து எழும் சீறல், வெடிப்போடு 1.3 முதல் 4.5 மெகாஹேர்ட்ஸ் வரை வரும் மத்திய மீடிறன் வெடிப்பு, 2.8 முதல் 3.0 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய முழக்கம். இவை எல்லாம் உயர் அகலாங்குச் சொத்து.

கொழும்பில் என்ன பதியலாம்

முதலில் ஆசையைத் துறக்க வேண்டிய ஒன்று. கொழும்பில் மிகத்தாழ் மீடிறன் வாங்கி அமைப்பது எளிது. ஒரு மீற்றர் மரச் சட்டத்தில் பல பத்துச் சுற்று எனாமல் செப்புக் கம்பி, ஒரு முன்பெருக்கி, 48 கிலோஹேர்ட்ஸ் மாதிரி எடுக்கும் ஒலி அட்டை போதும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்து இந்தியக் கடற்படையின் 18.2 கிலோஹேர்ட்ஸ், மேற்கு அவுஸ்திரேலிய வடமேற்கு முனையின் 19.8, ஜப்பான் எபினோவின் 22.2 மூன்றும் அதற்குள் அடங்கும். ஆனால் இந்தப் பாதைகள் எவையும் துருவ ஒளி வலயத்தைத் தொடுவதில்லை. துணைப்புயலின் இலத்திரன் மழை அவற்றில் பதியாது. அவற்றில் தெரியும் திடீர் ஏற்றம் பெரும்பாலும் சூரியச் சுவாலை. விடியலிலும் அந்தியிலும் வரும் குழிகள் பகல்–இரவு எல்லைக்கோடு கடப்பது. புயல் நாளில் இப்படி ஓர் ஏற்றம் வந்துவிட்டால் துணைப்புயல் என்று குறித்துவிடும் ஆசை வரும். சூரியச் சுவாலைகளைப் பதியும் அமெரிக்கக் கோஸ் (GOES) செய்மதியின் எக்ஸ்-கதிர் வரைபடத்தை ஒருதரம் பார்த்தால் தெளியும். இன்னொரு தொல்லை: 18,200, 19,800, 22,200 மூன்றும் 50 ஹேர்ட்ஸின் சரியான மடங்குகள். மின்வழங்கலின் மேற்சுரங்கள் அதே இடத்தில் விழும். வலையமைப்பின் மீடிறனோடு சேர்ந்து அலையும் மெல்லிய கோடு மின்வழங்கல்; அசையாமல் சில நூறு ஹேர்ட்ஸ் அகலத்தில் நிற்பது ஒலிபரப்பி.

ஆகவே கொழும்பின் நேரடிப் பங்கு காந்தமானியே. இங்கே மொத்தப் புலம் சுமார் 40,000 நனோதெஸ்லா, ஏறக்குறைய முழுவதும் கிடைப் புலம். மலிவான ஆர்எம்3100 உணரி 200 சுற்று எண்ணிக்கையில் ஒரு படிக்கு 13 நனோதெஸ்லா, 400இல் 6.7, 800இல் 3.3. செக்கனுக்குப் பல வாசிப்பெடுத்துச் சராசரி கண்டால் சில நனோதெஸ்லா வரை இறங்கலாம். 2024 மே 10இன் திடீர்த் தொடக்கம் போன்றவற்றுக்கு அது தாராளம், பிஐ2க்குப் போதாது. பிஐ2க்கு 0.1 நனோதெஸ்லா அல்லது அதைவிட நுண்ணிய பாயவாயில் (fluxgate) காந்தமானியோ தூண்டல் சுருளோ வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

உணரியை நிலத்தில் புதைக்கவும். மண்ணில் பகல்–இரவு வெப்ப அலை சுமார் 12 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குக்கு அருகே தேயும். 50 சென்ரிமீற்றரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே மிஞ்சும். ஒரு மீற்றர் தோண்ட எண்ணினால் வெள்ளவத்தை, தெகிவளை போன்ற தாழ்ந்த இடங்களில் மழைக்காலத்தில் குழி நிரம்பிவிடும். 60 சென்ரிமீற்றரும் இரு முனையும் பசையிட்டு மூடிய பிவிசி குழாயும் சரியான சமரசம். ஆணி, திருகு எல்லாம் பித்தளை அல்லது நைலோன். கிழக்கு அச்சு பூச்சியம் காட்டும் வரை குழாயைத் திருப்பினால் வடக்கு அச்சு எச் திசைக்கு வந்துவிடும். நுண்கட்டுப்படுத்தியை 5 முதல் 10 மீற்றர் தள்ளி வைக்கவும். சித்திரை, ஐப்பசி, கார்த்திகை இடிமழை நீண்ட கேபிளைத் தேடி வரும். எழுச்சித் தடுப்பியும் ஒளிவழிப் பிரிப்பும் இல்லாமல் விடக்கூடாது.

இடத் தெரிவுதான் நகரத்தில் மிகக் கடினம். ஒரு காரின் காந்தத் திருப்பம் 200 அம்பியர்-சதுர மீற்றர் என்று வைத்தால் 10 மீற்றரில் 40 நனோதெஸ்லா, 30 மீற்றரில் 1.5, 50 மீற்றரில் 0.3. பிஐ2இன் அளவோடு ஒப்பிட்டால் 50 மீற்றருக்குள் வாகனம் நிறுத்தும் வளவு ஒன்றும் உதவாது. மாடி வீட்டு மொட்டைமாடி இன்னும் மோசம்: கொங்கிறீற்றுக் கம்பி, மின்தூக்கி, நீர்ப்பம்பி. கரையோர ரயில் டீசலில் ஓடுவதால் மின்பாதையின் கசிவோட்டம் இல்லை என்பது ஒரு நல்வாய்ப்பு, ஆனால் இயந்திரத்தின் இரும்பே நூறு மீற்றருக்கு அப்பாலும் தெரியும். பம்பாயில் ட்ராம் மின்மயமானபோது கொலாபா காந்த அவதான நிலையத்தையே 1904இல் அலிபாகுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கொழும்பில் கணினியும் தரவு வாசிப்பும் இருக்கட்டும். உணரி புத்தளம், மன்னார், வன்னிப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருப்பது மேல். காந்த நடுவரைக்கு அருகில் என்ற சிறப்பு அங்கும் குறையாது.

நிலைக்குத்துக் கூறை இலங்கையில் நம்ப வேண்டாம். பாக்கு நீரிணை வழியே கடலிலும் அதன் அடியிலும் தூண்டப்பட்ட மின்னோட்டம் குவிகிறது என்பது தென்னிந்திய ஆய்வுகளில் நன்கு அறியப்பட்டது. மேலேயுள்ள மூலத்தைப் பற்றி அது சொல்வதைவிடக் கீழேயுள்ள கடத்தியைப் பற்றியே அதிகம் சொல்லும். எச் கூறு ஒன்றே வேலைக்கு உதவும்.

பகலில் எச் கூறிலும் ஒரு குழப்பம் உண்டு. காந்த நடுவரைக்கு மேலே பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஓடும் நடுவரை மின்தாரை, நண்பகலை ஒட்டி எச் கூறைப் பல பத்து நனோதெஸ்லா உயர்த்தும். துணைப்புயல் வேளையில் துருவத்திலிருந்து ஊடுருவும் மின்புலம் இந்தத் தாரையைக் கூட்டும் அல்லது குறைக்கும். சூரியக் காற்றின் புலம் திடீரென வடக்கே திரும்பினால் தாரை தலைகீழாகவும் ஓடும். எனவே காலை 10:20க்கு எச் இறங்கினால் அது ஆப்பா தாரையா என்று கேட்க வேண்டும். இதற்கு நேரான சோதனை, தாரைக்குக் கீழுள்ள திருநெல்வேலியையும் அதற்கு வெளியே உள்ள அலிபாகையும் ஒப்பிடுவது. இரண்டிலும் ஒரே அளவு ஆட்டம் என்றால் மூலம் காந்தக்கோளத்தில். திருநெல்வேலியில் மட்டும் பெரிது என்றால் தாரை. அண்மைய நிகழ்வுகளுக்கு மாலைதீவின் கன் தீவு நிலையத்தின் தரவும் துணை நிற்கும்.

நேரமும் வடிகட்டியும்

சாதாரணக் கணினிக் கடிகாரம் நாளொன்றுக்குச் சில செக்கன் வழுகும். ஜிபிஎஸ் வாங்கியின் செக்கன் துடிப்பை நுண்கட்டுப்படுத்திக்கே கொடுத்து, வாசிப்பு எடுத்த கணத்தில் முத்திரையிட வேண்டும்; தரவு கணினிக்கு வந்து சேர்ந்த பிறகு இடும் முத்திரைக்குப் பொருளில்லை. கோப்பில் உலக நேரம் மட்டும். இலங்கையில் இது வெறும் ஒழுங்குமுறை அல்ல: 1996 மே மாதம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. அந்தப் பத்தாண்டில் உள்ளூர் நேரத்தில் எழுதிய குறிப்பேடு எதையும் திகதி பார்த்துத் திருத்தாமல் புயல் தரவோடு சேர்க்கக்கூடாது.

தெமிஸ் கோப்புகளை இறக்கும்போது பெயர்களில் தடுமாற்றம் வரும். நிகழ்வு விவரங்களில் பி1, பி2, பி3, பி4, பி5 என்று வருபவை கோப்பில் முறையே பி (B), சி (C), டி (D), ஈ (E), ஏ (A) என்ற எழுத்துச் செய்மதிகள். வரிசை குழம்பினால் வெளிச் செய்மதியை உட்செய்மதி என்று வாசித்து, வரிசையையே தலைகீழாக முடிப்பீர்கள். ஆள்கூற்று முறை சூரியனையும் பூமியின் காந்த அச்சையும் சார்ந்ததாக இருக்கட்டும். சுழற்சிச் சராசரித் தரவு 3 செக்கனுக்கு ஒன்று, இந்த வேலைக்குப் போதும்.

அதிகம் பேர் வழுக்குவது வடிகட்டியில். பிஐ2 எடுக்க 40–150 செக்கன் பட்டைவடிகட்டி போடுவது வழக்கம். கட்டப் பிறழ்வு வேண்டாம் என்று தரவை முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டும் வடிகட்டியைப் பயன்படுத்தினால் அழகான அலை கிடைக்கும். ஆனால் துடிப்பு உண்மையில் தொடங்குமுன்பே, பல பத்துச் செக்கன் முன்னால், சிறு ஆட்டம் தோன்றிவிடும். 96 செக்கன் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இந்தப் போலி முன்னோடி முழு வாதத்தையும் கெடுத்துவிடும். தொடக்கத்தை வடிகட்டாத தரவில், மெதுவான சரிவை நீக்கிய பிறகு, கண்ணால் குறியுங்கள். முன்னோக்கி மட்டும் ஓட்டும் வடிகட்டியால் சரிபாருங்கள். இரண்டும் 10 செக்கனுக்குள் ஒத்துவராவிட்டால் அந்த நிலையத்தின் நேரத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம். துருவ மின்னோட்டத்தின் பலத்தைக் காட்டும் ஏ.ஈ. சுட்டெண்ணின் ஒரு நிமிடத் தரவு அளவைப் பார்க்கவே. தொடக்க நேரம் பார்க்க அல்ல.

2008 நிகழ்வை மறுபடி செய்து பார்ப்பவர் இந்த வரிசையில் போகலாம். முழுவான் படங்களில் வடக்கு–தெற்குக் கீற்றை வெட்டி அடுக்கி ஒளி தொடங்கிய படத்தைக் கண்டுபிடியுங்கள். 3 செக்கன் துல்லியம் அங்கேயே கிடைக்கும். அதே நிலையத்தின் காந்தமானியில் வட கூறு எப்போது சரிந்தது, நிலைக்குத்துக் கூறு எப்போது குறி மாறியது என்று அதன் கீழே வரையுங்கள். பிறகு பி1, பி2 பாய்வும் புலமும், அதற்கும் கீழே பி3. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் தெமிஸ் திட்டம் நிறுவிய காந்தமானிகள் இடை அகலாங்கு மேட்டையும் பிஐ2ஐயும் தரும். உவான்காயோவும் திருநெல்வேலியும் கடைசி இரண்டு வரிகள். செய்மதி மீடிறன்–நேர வரைபடம் உச்சியில். எல்லாவற்றையும் ஒரே நேர அச்சில், 04:40 முதல் 05:10 வரை அடுக்கி, 04:50:03, 04:51:39, 04:52:21, 04:53:05 நான்கையும் நிலைக்குத்துக் கோடாக இழுங்கள். எந்தக் கோடு உங்கள் குறிப்போடு ஒத்துவரவில்லையோ அதன் தரவுக்கே திரும்பிப் போங்கள். லூயியின் மறுப்பும் அப்படியொரு கோட்டை மறுபடி வாசித்ததிலிருந்து எழுந்ததுதான்.

கொழும்பிலிருந்தே பதிய விரும்புவோருக்கு, நள்ளிரவை ஒட்டிய வேளை உலக நேரம் 16 முதல் 22 மணி. அப்போது துருவ ஒளி வெடிக்கும் நெடுங்கோடு சைபீரியாவின் வடகரைக்கு மேலே நிற்கும். கனடாத் தெமிஸ் கமராக்கள் பகலில் இருப்பதால் ஒளிப் படம் கிடைக்காது. ஜியோடெயிலும் 2022 முதல் இல்லை. ஆகவே எச் கூறின் பிஐ2, அலிபாகின் மேடு, விண்டின் அலைப் பட்டை மூன்றையும் வைத்தே தொடக்கத்தைக் குறிக்க வேண்டியிருக்கும். மார்ச்–ஏப்ரலும் செப்ரெம்பர்–ஒக்டோபரும் பூமியின் காந்த அச்சு சூரியக் காற்றுப் புலத்தோடு வாகாகச் சாயும் மாதங்கள்; துணைப்புயல் அப்போது அடிக்கடி வரும். அவற்றில் ஏப்ரலும் ஒக்டோபரும் இங்கே இடிமழைக் காலம் என்பதால், உணரியைப் பெப்ரவரிக்குள் புதைத்து மண் இறுகவிட்டு, மார்ச் முதல் வாரத்திலிருந்து பதியத் தொடங்குவது உசிதம்.